காதுகுத்துப் பாய்

எபிநேசருக்கு இருபத்தோரு நாள் லீவு.
பதினேழாம் நாள் ஞாயிறு.
காசிமேட்டில் ஏலச் சத்தம் ஓய்ந்த பிறகு
தேசிங்கின் ஃபைபர் படகில் நாலு பேர் ஏறினோம்.
ஸ்டான்லியில் இரவு டியூட்டி முடித்து
நேரே வந்திருந்தாள் ஷமீம்,
துப்பட்டாவெல்லாம் டெட்டால்.
நான் கன்டெய்னர் யார்டில் சீல் எண் பார்ப்பவள்.
கடலிலிருந்து வரும் பெட்டிகளைத் தெரியும்,
கடலைத் தெரியாது.

"தீவு தீவா போலாம்" என்றான் எபி.
செஷல்ஸில் யாரோ ஒருவரின் பாய்மர யாட்டில்
டெக் கழுவுகிற வேலை அவனுக்கு.
தினம் அறுநூறு லிட்டர் நல்ல தண்ணி, உப்புப் படியக் கூடாதாம்.
ஷமீம் வீட்டில் லாரிக்கு நாலு நாளாகக் குடம் வரிசையில் நிற்கிறது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
பையிலிருந்து நேற்றைய அத்தோவை எடுத்தாள்,
ஊறிப்போய், பூண்டு தூக்கலாக.

"இங்க ஏதுடா தீவு?"
தேசிங்கு விரல் நீட்டினான்.
துறைமுகத்துக்குள் போக முறை காத்து
நங்கூரமிட்டு நின்றன கப்பல்கள்.
"தோ ஒண்ணு. தோ ரெண்டு.
மூணாவதுல துணி காயுது பாரு, ஆளு இருக்குது."

திருவொற்றியூர் தாண்டியதும் மோட்டார் இருமி நின்றது.
கயிற்றைப் பதினோரு முறை இழுத்தான் தேசிங்கு.
பிறகு பீடியைப் பற்றவைத்தான்.
"காத்து ஈரான். தண்ணி தெண்டி.
சும்மா குந்துனாலே எண்ணூர் வந்துரும்."

எபிக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை.
வலையை மூடியிருந்த பேனரை உருவினான்.
தேசிங்கின் மகள் தியாஷினி, காதணி விழா,
பன்னிரண்டுக்கு எட்டு.
மூங்கிலில் கட்டி நிமிர்த்தியபோது
முதலில் கீழ்வரிசைத் தாய்மாமன்கள் உப்பினார்கள்,
அப்புறம் குழந்தையின் கன்னம்.

படகு ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு ஓடியது.

"ஷீட்டைப் பிடி!"
"எது ஷீட்டு?"
"அந்தக் கயிறு!"
"கயிறுன்னு சொல்லேன்டா பாவி."

மோட்டார் இல்லாத கரையை
அன்றுதான் கேட்டேன்.
எங்கோ ஒரு கூட்ஸ் வண்டி.
கல்லுக்குக் கல் தாவும் பையன்கள்.
சிவப்பு வெள்ளைப் புகைபோக்கிகள்
வெகுநேரம் தூரத்திலேயே நின்று
சட்டென்று தலைக்கு மேல் வந்தன.
ஷமீம் தூங்கிவிட்டாள், வாயில் முடி பறக்க.

முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒன்று,
அலை இறங்கினால் மட்டும் தீவு.
சாம்பல் நிறம். பிளாஸ்டிக் குடம் ஒன்று.
இரண்டு கொக்கு, அவற்றுக்கு எங்கள்மேல் அக்கறை இல்லை.
எபிதான் முதலில் குதித்தான்.
குதித்தவன் திரும்பி, முழங்கால் தண்ணீரில் நின்று
ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான்.
"பாத்து மேடம்" என்று வந்துவிட்டது வாயில்.
ஷமீம் அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

நாங்கள் திட்டின் மறுமுனை வரை நடந்தோம்,
ஐம்பது அடிதான்.
திரும்பிப் பார்த்தால் அவன் படகோரமே நிற்கிறான்,
எங்கள் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டு.

"பன்னெண்டு தீவு பாத்துட்டேன்.
ஒண்ணுல கூட கால் வெக்கல.
அவங்க எறங்குவாங்க, நான் டிங்கியில குந்திக்கினு
செருப்பு பாத்துப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
தேசிங்கு வந்து
ஒரு செருப்பை எடுத்துக் கொக்கை நோக்கி வீசினான்.
அது என் செருப்பு.
அதைத் தேடித் தண்ணீரில் எபி ஓட,
பின்னாலேயே நாங்கள் ஓட,
வெந்நீர் மாதிரி இருந்தது ஆறு,
அனல்மின் நிலையத்துச் சூடு.
யாரோ கால் இடறி எல்லோரும் விழுந்தோம்.
செருப்பு கிடைக்கவில்லை.

திரும்பும்போது பன்னிரண்டாவது இழுப்பில்
மோட்டார் தானாக மன்னித்தது.
பேனரைச் சுருட்டினோம்.
கயிறு கிழித்த ஓட்டை ஒன்று,
அளந்து வைத்ததுபோல் குழந்தையின் காதில்.
தேசிங்கின் மனைவி சொன்னதை
இங்கே எழுத முடியாது.

இறங்கிய பிறகும் எபி படகிலேயே இருந்தான்,
நனைந்த கயிற்றை வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டு.
"இன்னாடா முறுக்கு சுத்துற, போட்டுட்டு வா."
வந்தான்.
வியாழக்கிழமை விமானம்.

நான் ஒற்றைச் செருப்போடு
சூரியநாராயண செட்டித் தெருவில் நடந்தேன்.
தார் சுட்டது ஒரு காலுக்கு மட்டும்.